ஜத்திலுவியில் மூன்று இரவுகள்

பாலியின் தபானான் மாவட்டத்தில், பட்டுக்காரு மலைச்சரிவில் இருக்கிறது ஜத்திலுவி. அங்கே ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டு விடுதியில் தங்கினோம். அறை சாதாரணம்தான். இரவில் நன்றாகவே குளிர்கிறது, கேட்ட பிறகுதான் இன்னொரு கம்பளி வந்தது. இரண்டாம் நாள் வெந்நீர் வரவே இல்லை.

ஆனால் சாப்பாட்டுக்காகவே மறுபடியும் போவேன். அவர்கள் வயலில் விளைந்த சிவப்பரிசிச் சோறு, கொஞ்சம் கடினமாக, மென்று சாப்பிட வேண்டிய பதத்தில். அதே அரிசியை வறுத்துப் போட்ட தேநீர் வேறு. நான் தினமும் மூன்று கோப்பை குடித்தேன்.

வீட்டுப் பெரியவர் ஒரு காலையில் எங்களை வரப்பில் கூட்டிப்போனார். சுபாக் என்பது இங்குள்ள விவசாயிகளின் பாசனக் கூட்டமைப்பு. 9ஆம் நூற்றாண்டிலிருந்தே வரும் முறை, 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. யார் எப்போது நடுவது, தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்பதெல்லாம் கூடிப் பேசி முடிவாகிறது. வயலோரத்தில் நெல் தெய்வமான தேவி ஸ்ரீக்குச் சின்னச் சன்னதி. அவர் அதில் பூ வைத்துவிட்டு, குனிந்து மடையில் அடைத்திருந்த சருகைக் கையால் எடுத்துப் போட்டார். இரண்டையும் ஒரே பக்தியோடு செய்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிராமத்துக்குள் நுழையக் கட்டணம் உண்டு. பகலில் சுற்றுலா வண்டிகள் குவிகின்றன, அதனால் காலை ஆறு மணிக்கே நடக்கக் கிளம்புங்கள். அப்புறம், வரப்பு வழுக்கும். நல்ல பிடிப்புள்ள செருப்பு கட்டாயம்.