களியா, பாக்கெட்டா? ஒரே ஈத்தில் பிறந்த இரண்டு லேப் குட்டிகளின் கதை

மார்ச் மாதம் ஓசூரில் ஒரே ஈத்துக் குட்டிகளில் இரண்டை வாங்கினோம். இரண்டும் ஆண், இரண்டும் கருப்பு லேப், அதாவது லேப்ரடார் நாய்க்குட்டிகள். ஒன்று தங்கச்சி வீட்டுக்கு. ஓசூரிலேயே அடுக்குமாடிக் குடியிருப்பு, மூன்றாவது மாடி, பளபளவென்று டைல்ஸ் தரை. இன்னொன்று அம்மாவுக்கு. காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம், மாந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீடு, மண் வாசல். தங்கச்சி வீட்டுக் குட்டி புரூனோ. அம்மா வீட்டுக் குட்டி மணி. அந்தத் தெருவில் அது மூன்றாவது மணி.

நான் இருப்பது கிருஷ்ணகிரியில், இரண்டு வீட்டுக்கும் நடுவில். அதனால் குட்டிக்குக் களி போடுவதா, கடையில் விற்கும் பாக்கெட் தீனி போடுவதா என்ற இரண்டு வீட்டுப் பஞ்சாயத்தும் என்னிடம்தான் வரும். "நாய்க்கு எதுக்குடா பாக்கெட்டு? கேவுரு களி தின்ன நாயெல்லாம் பதினஞ்சு வருசம் இருந்துச்சு" என்பது அம்மா கட்சி. "அண்ணா, அது நாட்டு நாய், இது லேப். சொல்லுங்க அம்மாகிட்ட" என்பது தங்கச்சி கட்சி. எட்டு மாதம் இரண்டு பக்கமும் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தில் இரண்டு கட்சியும் சேர்ந்தே ஏமாந்தது. குட்டி வேகமாக வளர வேண்டும், கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் ஆசை. பெரிய இனத்துக்கு அதுதான் ஆபத்து. எடை முந்திக்கொண்டு ஏறும், எலும்பும் மூட்டும் அதைத் தாங்கும் அளவுக்குத் தயாராகியிருக்காது. அமெரிக்காவில் 48 லேப் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வந்தது. குறைவாகத் தின்றவை சராசரியாக ஏறக்குறைய 2 வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இதை அம்மாவிடம் சொன்னேன். "பட்டினி போடச் சொல்றியா?" என்றார். பட்டினி இல்லை. விலாவில் விரல் வைத்து லேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

சோறு

எங்கள் ஊர்ப்பக்கம் எந்தக் கம்பெனி நாய்த் தீனிக்கும் பெடிகிரி என்றுதான் பெயர். புரூனோ தின்றது உண்மையில் வேறொரு கம்பெனியின் பெரிய இனக் குட்டிகளுக்கான தீனி. அந்த 'பெரிய இனம்' என்ற வார்த்தைதான் முக்கியம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கத்தின் அளவுப்படி, வளர்ந்தால் ஏறத்தாழ 32 கிலோவும் அதற்கு மேலும் போகும் நாய் பெரிய இனம். ஆண் லேப் 29 முதல் 36 கிலோ வரை வரும், அதனால் அதையும் இந்தக் கணக்கில் சேர்ப்பதே நல்லது. இந்தக் குட்டிகளின் தீனியில் ஆயிரம் கலோரிக்கு 3 கிராமுக்குக் குறையாமலும் 4.5 கிராமுக்கு மிகாமலும் கால்சியம் இருக்க வேண்டும். மேல் வரம்பு எதற்கு என்றால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியின் குடலுக்குக் கால்சியத்தைப் 'போதும்' என்று தடுக்கத் தெரியாது. வந்ததில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் என்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியே கோணிப்போனது.

இனி அம்மாவின் களிக்கு வருவோம். அம்மா கேவுரு என்று சொல்லும் ராகியில் கால்சியம் அதிகம் என்பது பொய்யில்லை. தானியங்களில் அதுதான் முதலிடம், 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு மாத லேப் குட்டிக்கு நாளுக்கு ஏறத்தாழ ஆயிரம் கலோரி வேண்டும். அதை முழுக்க ராகியிலேயே கொடுத்தால் மாவு 300 கிராம், கால்சியம் ஒரு கிராம். தேவை மூன்று. அந்த ஒரு கிராமும் முழுசாக உடம்பில் சேராது, ராகியில் உள்ள பைட்டேட் என்ற பொருள் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறி சேர்த்தால் புரதக் குறை தீரும், கால்சியக் குறை தீராது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ்தான் நிறைய, கால்சியம் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அம்மா கொடுத்தது களி, பால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கறி. களி கிண்டி முடித்ததும் துடுப்பில் ஒட்டியிருப்பதை வழித்து உருட்டி ஆறவைத்துப் போடுவார். மணிக்கு அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடம் நாக்கைச் சுழற்றிச் சுழற்றித் தவிக்கும், பிறகு மறுபடியும் தட்டைப் பார்க்கும். பார்க்க அவ்வளவு அழகு. மே மாதம் நான் போனபோது முன்காலைக் கவனித்தேன். மணிக்கட்டு தொய்ந்து, பாதம் முழுக்கத் தரையில் படிந்து, முயல் மாதிரி நடந்தது. எடை 14 கிலோ.

அதே வாரம் புரூனோ 19 கிலோ. காலையில் எழுந்ததும் ஒரு காலை நொண்டியது, இரண்டு நாள் கழித்து வேறொரு காலை. விசாரித்தால், தீனி வாங்கிய கடையில் "பெரிய நாய் சார், எலும்புக்கு இது குடுங்க" என்று கால்சியம் டானிக் ஒன்றைக் கையில் திணித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை காலை மாலை இரண்டு வேளையும் ஊற்றியிருக்கிறார். கணக்காகக் கால்சியம் சேர்த்த தீனியின் தலையில் இன்னொரு பங்கு.

இரண்டு குட்டிகளையும் ஒரே காரில் ஏற்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் இரண்டையும் நடக்க விட்டுப் பார்த்தார், தீனியைக் கேட்டார், சிரித்தார். "அந்த டானிக்கை இந்த வீட்ல நிறுத்துங்க, அந்த வீட்டுக்குக் குடுங்க" என்றார். அதையே நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். வெறும் களியும் கறியும் தின்னும் குட்டிக்கு கால்சியம் மருந்து. பெரிய இனத் தீனி தின்னும் குட்டிக்கு அதே பாட்டில் வினை. எந்தத் தீனி என்று கேட்காமல் டானிக் கொடுப்பவர் கடைக்காரரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும் காது கொடுக்காதீர்கள்.

செலவு விஷயத்தில் களிதான் மலிவு என்று எல்லாரும் நினைக்கிறோம். பாக்கெட் கிலோ 300 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 800-க்கும் கிடைக்கிறது. நாலு மாதக் குட்டிக்கு மாதம் 8 கிலோ என்றால் 2,400 முதல் 6,400 வரை. சரி, வீட்டுச் சாப்பாடு? குட்டிக்கு உண்மையில் வேண்டியபடி தினம் கால் கிலோ கோழிக்கறி, ஒரு முட்டை, 120 கிராம் ராகியோ அரிசியோ, கேரட்டோ பூசணியோ, ஒரு ஸ்பூன் எண்ணெய் என்று போட்டால் நாளுக்கு 80 ரூபாய்க்குக் குறையாது. அதுவும் மாதம் 2,400. முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாகப் பொடித்தால் கால்சியம் செலவில்லாமல் கிடைக்கும், ஒரு கிராம் பொடியில் சுமார் 380 மில்லிகிராம். எத்தனை கிராம் என்பதை மட்டும் டாக்டர் எடையைப் பார்த்துச் சொல்லட்டும், கைக்கு வந்தபடி அள்ளிப் போடாதீர்கள். ஆக, களி மலிவாகத் தெரிந்ததற்குக் காரணம் அதில் கறி இல்லாததுதான்.

பாக்கெட்டுக்கு ஓட்டுப் போடுகிறவன்தான் நான், முதல் ஒரு வருடத்துக்காவது. அளந்து சமைக்க வீட்டில் ஒருவர் தினமும் இருந்தால் வீட்டுச் சாப்பாடு அதற்கு எந்த விதத்திலும் இளைத்ததில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் அளப்பது என்பது கண்ணளவு. பாக்கெட்டிலும் ஒன்று பார்க்க வேண்டும். சில கடைகளில் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து கிலோ கணக்கில் சில்லறையாகத் தருகிறார்கள். அதில் தேதி கிடையாது, எந்த வயதுக்கு என்று எழுத்து கிடையாது, மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தாலும் தெரியாது. மூடிய பையாக வாங்குங்கள்.

மணியும் பாக்கெட்டுக்கு மாறிய பிறகும் அம்மாவுக்குக் களி உருண்டை போடாமல் இருக்க முடியவில்லை. போடலாம். நாள் முழுக்கத் தின்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் இருந்தால் கணக்குக் கெடாது. எலுமிச்சம்பழ அளவு என்று பேசி முடித்திருக்கிறோம். எந்த ஊர் எலுமிச்சை என்பதில்தான் இன்னும் சண்டை. சாம்பார் ஊற்றிய சோறு மட்டும் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

எத்தனை வேளை என்பதில் வாதமே இல்லை. நாலு மாதம் வரை மூன்று அல்லது நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு. ஒரே வேளையில் மொத்தமும் கொட்டினால் இந்த இனங்களில் வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடும்.

தரை

கால் விஷயத்தில் அம்மா வீடு கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்தது. நார்வேயில் பெரிய இனக் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. பிறந்தது முதல் மூன்று மாதம் வரை படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். அந்த வயதில் வெளியில் கயிறில்லாமல் இஷ்டம்போல் ஓடித் திரிந்தவற்றுக்குக் குறைவு. மணியின் வாசலும் தோப்பும் அதற்கென்றே அமைந்த மாதிரி. புரூனோவுக்கோ டைல்ஸ். பந்தைத் துரத்தி ஓடித் திரும்பும்போது பின்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் வழுக்கும். லிப்ட் இருந்தும் பிள்ளைகள் மூன்று மாடியும் படியில் ஓட்டிப்போவார்கள். வயிற்றோடும் மார்போடும் சேர்த்து இரண்டு கையால் தூக்கிப் போங்கள் என்று சொல்லி அதை நிறுத்தினோம். ஹாலில் ரப்பர் பாய் விரித்ததும் வழுக்கல் நின்றது. பாய் இல்லாவிட்டால் கோணிச்சாக்கே போதும், ஓரத்தைத் தைத்துவிடுங்கள், இல்லையென்றால் நூல் நூலாகப் பிரித்துத் தின்னும்.

நாயைப் பைக்கில் கயிறு கட்டி ஓட்டிக்கொண்டு போவதைப் பெங்களூர் ரோட்டோரம் காலையில் பார்க்கலாம். ஒரு வயது வரையாவது அந்தப் பக்கமே போகாதீர்கள். எலும்பின் முனையில் வளரும் குருத்தெலும்பு பெரிய இனத்தில் கெட்டியாகி மூட 12 முதல் 15 மாதம் ஆகும்.

மண் வாசலுக்குப் பதில் சொல்ல வேண்டிய குறை ஒன்று உண்டு, பார்வோ. ரத்தக் கழிச்சலில் சாகடிக்கும் அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். சிமெண்ட் தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவலாம், மண்ணில் அது வேலை செய்யாது. தெருநாய் வந்துபோகும் வாசலில் "ஒரு ஊசி போட்டாச்சே" என்று குட்டியை அவிழ்த்துவிடுவது சூதாட்டம். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் மிச்சம் இருக்கும்வரை ஊசி மருந்தை அது முறியடித்துவிடும். அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் தாண்டும்வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறார்கள். பல குட்டிகளுக்குக் கடைசி ஊசிதான் காப்பாற்றும் ஊசி. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில்.

இங்கே ஒரு இழுபறி. 14 வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பயமில்லாமல் பழகும் பருவம். 16 வாரம் அறைக்குள் அடைத்தால் பார்வோவிலிருந்து தப்பிக்கும், வாழ்நாள் முழுக்க ஆட்டோ சத்தத்துக்கு நடுங்கும். தங்கச்சி இதைச் சரியாகச் செய்தாள். தினமும் சாயங்காலம் புரூனோவைத் தோளில் போட்டுக்கொண்டு காய்கறிச் சந்தை வரைக்கும் நடப்பாள், கீழே விட மாட்டாள். பஸ், கூட்டம், ஹெல்மெட் போட்டவர், பூக்காரம்மா எல்லாவற்றையும் அது மேலே இருந்தே பார்த்துவிட்டது. அம்மா ஒன்பது கிலோ குட்டியை எங்கே தூக்க? மணி திண்ணையில் உட்கார்ந்து தெருவைப் பார்த்ததோடு சரி.

அம்மா வீட்டுக்கு மட்டும் வாய்த்த இன்னொரு ஆபத்து, மாங்கொட்டை. ஜூனில் தோப்பெங்கும் கிடக்கும். ஒரு நாள் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்தது மணி. மறுநாள் காலை வாந்தியோடு சின்ன நாட்டு மாங்கொட்டை ஒன்று வெளியே விழுந்தது. அது குடலில் இறங்கிச் சிக்கியிருந்தால் ஆபரேஷன்தான். அதற்குப் பிறகு காய் இறக்குகிற நாட்களில் மட்டும் மணிக்குச் சங்கிலி. நான் சங்கிலிக்கு எதிரி, ஆனால் அந்த ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை.

வெயிலைப் பற்றி ஒரு வரி. ஓசூர் சுமார் 3,000 அடி உயரம், அங்கே மின்விசிறி போதும். கிருஷ்ணகிரி, தர்மபுரி சித்திரை வெயிலில் மதியம் வெளியே கட்டாதீர்கள். ஓசூரில் பனிநாட்டு நாயான ஹஸ்கியை வளர்க்கிறார்களே என்று தர்மபுரி பக்கத்துப் பாலக்கோட்டுக்கு ஒன்றை வாங்கிப்போக நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஒரு ஏப்ரல் மதியம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் ஸ்வெட்டர் போட்டு நின்று பார்க்கவும்.

டானிக்கை நிறுத்தி, தீனியையும் அளந்து குறைத்ததும் புரூனோவின் நொண்டல் ஆறேழு வாரத்தில் போனது. மணியின் மணிக்கட்டு நிமிர அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆனது. தீபாவளிக்கு எல்லாரும் அம்மா வீட்டில் கூடினோம். குட்டிகளுக்கு அப்போது பத்து மாதம். மாங்காய் மண்டித் தராசைக் கடன் வாங்கி நிறுத்தோம், மணி 28, புரூனோ 29½. முதல் சரவெடி வெடித்ததும் இரண்டும் ஒன்றாக அம்மாவின் கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கின. வெளியே தெரிந்தது இரண்டு கருப்பு வால்கள் மட்டும். அம்மா களி உருண்டையோடு குனிந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "இதுல எதுடா நம்முளுது?"