பதினைந்து நிமிட மூச்சா, ஆக்கினைத் தவமா, ஏற்காட்டு ஞாயிறா?

சேலத்தில் தியானம் கற்றுக்கொள்ள வழிகளுக்குப் பஞ்சமில்லை. மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன, பத்து நாள் முகாம் போய்வந்த சொந்தக்காரர் ஒருவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறார், யூடியூப் இருக்கிறது, பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏற்காடு வந்துவிடும். சிக்கல் மூன்றாவது வாரத்தில்தான் வரும். ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் பாயைச் சுருட்டிவிடுவார்கள். அதனால் எந்த முறை உயர்ந்தது என்ற வாதத்தை விட்டுவிட்டு, எது நம் வீட்டில் நிலைக்கும், தூக்கத்துக்கும் கோபத்துக்கும் வேலைக் கவனத்துக்கும் எது உதவும் என்று மட்டும் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பின் அளவை முதலிலேயே சரிசெய்துகொள்வது நல்லது. 2014இல் ‘ஜாமா இன்டர்னல் மெடிசின்’ இதழில் 47 ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றும் ஓரளவு குறைகின்றன. மருந்தையோ உடற்பயிற்சியையோ விடத் தியானம் மேல் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. தியானத்தால் சர்க்கரை போயே போய்விட்டது என்று யாராவது சொன்னால் லேப் ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

வீட்டு மூலையில் மூச்சு

செலவில்லை, ஆசிரியர் தேவையில்லை. ஜமுக்காளத்தை நாலாக மடித்து, அதன்மேல் ஒரு தலையணையைப் போட்டு உட்காருங்கள். முழங்காலைவிட இடுப்பு மூன்று நான்கு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் முதுகு கூன் போடும், கால் நரம்பு அழுந்தும், எட்டாவது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். அதற்குப் பிறகு நடப்பது காலோடு மல்லுக்கட்டு. முழங்கால் வலி இருந்தால் நாற்காலி போதும். பாதம் தரையில் பதியட்டும், முதுகைச் சாய்க்க வேண்டாம்.

முதல் மூன்று நிமிடம் நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தோள் இறங்குவது இதனால்தான். தலை சுற்றினால் மூச்சை வம்படியாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம், எண்ணிக்கையைக் குறையுங்கள். பிறகு மூச்சை அதன் போக்கில் விட்டு, வெளிமூச்சை மட்டும் ஒன்று முதல் பத்து வரை எண்ணுங்கள். திடீரென்று பார்த்தால் பதினேழில் இருப்பீர்கள், அல்லது கரண்ட் பில்லில் இருப்பீர்கள். ‘அட, போய்விட்டோமே’ என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி. மறுபடி ஒன்று. பதினைந்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடிப்போய்த் திரும்பினால் முப்பது தடவை தண்டால் எடுத்த கணக்கு.

மூச்சை நாமே நடத்த ஆரம்பித்தால் நெஞ்சு இறுகும். அப்போது கவனத்தை மூக்கு நுனியிலிருந்து வயிற்றுக்கு இறக்கிவிட்டால் சரியாகும். தூங்கி விழுந்தால் கண்ணைப் பாதி திறந்து வையுங்கள். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் உட்காராதீர்கள். ஒரே குறை, கேட்க ஆளில்லை. தப்பாகச் செய்தாலும் சொல்ல ஒருவர் இருக்க மாட்டார்.

ஆக்கினைத் தவம்

அந்தக் குறையை நிரப்புவது மனவளக்கலை. 1911இல் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளிய முறைக் குண்டலினி யோகம் இது. ஆசிரியர் ஆக்கினை எனப்படும் புருவ மத்தியைத் தொட்டுத் தீட்சை கொடுக்கிறார். அங்கே எழும் உணர்வில் மனதை வைக்க வேண்டும். மூச்சில் மனதை நிறுத்த முடியாதவர்களுக்கும் இந்தப் பிடி சட்டென்று கிடைக்கும். கூடவே கை கால் பயிற்சி, கண் பயிற்சி, மகராசனம் எல்லாம் உண்டு. முழுக்கச் செய்தால் முக்கால் மணி ஓடிவிடும்.

அடிக்கடி வரும் தவறு, மூடிய கண்ணால் புருவ மத்தியை உற்றுப் பார்ப்பது. அங்கே தேவை உணர்வு, பார்வை இல்லை. உற்றுப் பார்த்தால் ஒரு வாரத்தில் நெற்றிப் பாரம், தலைவலி. இதற்கு முறையிலேயே மருந்து இருக்கிறது: முதுகுத்தண்டின் அடியில் உள்ள மூலாதாரத்தில் மனம் வைக்கும் சாந்தி தவம். ஆக்கினையை மட்டும் பிடித்துக்கொண்டு சாந்தியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் ‘எனக்கு ஒத்துவரவில்லை’ என்று நிறுத்துவார்கள். ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதில் வரும் கபாலபதி என்ற வேகமான வெளிமூச்சுப் பயிற்சியைத் தொட வேண்டாம். ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கோபத்துக்கு இதில் தனி லாபம் ஒன்று, தவம் முடிந்து சொல்லும் வாழ்த்து. வீட்டுக்காரரை, பங்காளியை, சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரை மனதில் நிறுத்தி ‘வாழ்க வளமுடன்’ சொல்ல வேண்டும். முதல் வாரம் வாய் மட்டும் சொல்லும், பல்லைக் கடித்துக்கொண்டு. சொல்லிக்கொண்டே இருங்கள். வெறும் மூச்சுப் பயிற்சியில் இந்தப் பகுதி கிடையாது. உறவுச் சண்டையால் தூக்கம் போனவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பத்து நாள் விபாசனாவும் ஜபமும்

உடலில் எழும் உணர்வுகளைக் கவனிக்கும் தியானம் இது, எஸ்.என். கோயங்கா பரப்பிய மரபு. தமிழ்நாட்டில் சென்னை திருமுடிவாக்கத்தில் மையம் உண்டு. கட்டணம் கிடையாது, முடித்தவர்கள் விருப்பப்பட்டுக் கொடுப்பதில் நடக்கிறது. காலை 4 மணிக்கு எழுப்புவார்கள், நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும், மௌனம், போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஆழம் என்றால் இதுதான் ஆழம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் தொடரச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாதவர் போனால், பத்தாம் நாள் கிடைத்த நிதானம் பத்து வாரத்தில் கரைந்துவிடும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் முகாமுக்குப் போகவே கூடாது.

ஜபம் எளிது. நூற்றெட்டு மணி மாலையை ஒரு சுற்று உருட்டினால் முடிந்தது. விரல், நாக்கு, காது மூன்றும் வேலையில் இருப்பதால் சத்தமுள்ள இடத்திலும் நிற்கும். வேகம் பிடித்தால் மட்டும் கணக்கு முடிக்கும் வேலையாகிவிடும்.

ஏற்காடு

சேலத்தைவிட ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் உயரம். எட்டு டிகிரி வரை குளிர்ச்சி. சித்திரை வெயிலில் கீழே வேர்த்து வழிந்து உட்கார்பவருக்கு இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கிய கையோடு கண்ணை மூடினால் வயிறு புரட்டும். அரை மணியாவது நடந்துவிட்டு உட்காருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிப் பக்கம் படகு, மிளகாய் பஜ்ஜி, செல்ஃபி. கோடை விழா நேரத்தில் கேட்கவே வேண்டாம். முடிந்தால் செவ்வாய், புதன்.

அங்கே உட்கார்வதைவிட நடப்பதே நல்லது. சில்வர் ஓக் நிழலுள்ள சாலையில் முப்பது அடி தூரத்தைக் குறித்துக்கொண்டு, குதிகால் பதிவது, பாதம் உருள்வது, விரல் தூக்குவது என்று கவனித்துப் போய்வாருங்கள். இருபது நிமிடம் போதும். காப்பித் தோட்டத்துக்குள் கேட்காமல் நுழைய வேண்டாம், தனியார் இடம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை போய்வந்த அமைதி திங்கள் மாலை கடைவீதி நெரிசலில் தீர்ந்துவிடும். மாதம் ஒருமுறை போதும், அன்றாடத்துக்கு வீட்டு மூலைதான்.

யாருக்கு எது

விசைத்தறி ஓட்டுபவருக்கு மூச்சுதான். தறிச் சத்தத்தில் ஆறு மணி நேரம் நின்றபின் மனம் எங்கோ போய்விடும். பாவு இழை (துணியின் நீளவாக்கு நூல்) ஒன்று அறுந்தது கண்ணில் படாமல் நாலு அங்குலம் ஓடினால் துணியில் கோடு விழும். ‘போய்விட்டோம்’ என்று சீக்கிரம் கண்டுபிடிக்கும் பழக்கம் இங்கே நேரடியாகக் காசு. வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து கொலுசு பற்றவைப்பவருக்குக் கண்ணும் கழுத்தும் ஏற்கெனவே இறுகியிருக்கும். புருவ மத்தியை விட்டுவிட்டு வயிற்று மூச்சு, இல்லையென்றால் ஜபம். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குபவர் படுத்தபடியே கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்திக்கொண்டு போகலாம். பாதியில் தூங்கிவிட்டால் வேலை முடிந்தது.

பதற்றம் நோயாகவே இருப்பவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதாது. 2022இல் 276 பேரை வைத்துச் செய்த ஆய்வில் எட்டு வாரத் தியானப் பயிற்சி பதற்றத்துக்குக் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்கு ஈடாக நின்றது உண்மை. அங்கே வாராந்திர வகுப்பும் தினம் 45 நிமிட வீட்டுப் பயிற்சியும் இருந்தன. எடுத்துக்கொண்டிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், ரத்த அழுத்த மாத்திரையையும்தான்.

நேரம் காலை ஐந்தரை என்று வைத்துக்கொண்டால், குழாயில் தண்ணீர் வரும் நாளைக் காலண்டரில் குறித்து அன்றைக்கு மட்டும் இரவுக்கு மாற்றுங்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் ஒலிபெருக்கி விடியுமுன்னே தொடங்கிவிடும். அந்த நாட்களில் எண்ணுவதை விட்டுவிட்டு, பம்பைச் சத்தம் எழுவதையும் அடங்குவதையும் கேட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் உட்காருங்கள். அதுவும் கணக்கில் சேரும்.