கட்டி முடித்த வீடா, நாமே கட்டும் வீடா?

தாம்பரத்துக்குத் தெற்கே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நீண்டுகொண்டே போகும் புறநகரில் தனி வீடு தேடுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. பில்டர் அரை கிரவுண்டிலோ முக்கால் கிரவுண்டிலோ (ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி) கட்டி, வர்ணம் பூசி, சாவியோடு வைத்திருக்கும் வீட்டை வாங்குவது ஒன்று. மனை வாங்கி, வரைபடம் போட்டு, மேஸ்திரியையோ கான்ட்ராக்டரையோ அமர்த்தி நாமே கட்டிக்கொள்வது மற்றொன்று. எங்கள் குடும்பத்தில் இரண்டும் நடந்தன. அக்காவும் அத்தானும் முதல் வழியில் போனார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நான் இரண்டாவது வழியில் போனேன்.

இந்த ஒப்பீட்டைப் பலரும் விலையிலும் விருப்பத்திலும் முடித்துவிடுகிறார்கள். பூஜை அறை எந்தப் பக்கம், சமையலறை மேடை எவ்வளவு நீளம் என்பவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பவை எல்லாம் பூச்சுக்கும் டைல்ஸுக்கும் அடியில் மறைந்து போகிறவை. அவை மறைவதற்கு முன் யார் கண்ணால் பார்த்தார்கள் என்பதில்தான் இந்த இரண்டு வழிகளும் உண்மையில் பிரிகின்றன.

எங்கள் வீட்டு மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடவிருந்த நாளில் காலை ஆறரை மணிக்கே சென்ட்ரிங் பலகையின் மேல் ஏறி நின்றேன். கம்பி கட்டி முடித்திருந்தார்கள். குனிந்து பார்த்தபோது, பல இடங்களில் கம்பிக்கு அடியில் கவர் பிளாக், அதாவது கம்பியைப் பலகையிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் சிறு கட்டை, இல்லை. கையில் கிடைத்த ஜல்லித் துண்டுகளைச் செருகியிருந்தார்கள், இரண்டு மூன்று இடங்களில் கம்பி பலகையையே தொட்டுக்கொண்டிருந்தது. தளத்துக் கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும். தூணில் அது 40 மில்லிமீட்டர். அந்த மூடாக்கு இல்லையென்றால் ஈரமும் காற்றும் கம்பியை எட்டி, துரு பிடித்துக் கம்பி பருத்து, சில ஆண்டுகளில் கூரையின் அடிப்பக்கம் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். மிக்சர் வண்டி வந்து நிற்க, மேஸ்திரிக்கு முகம் வாடியது. இருந்தும் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்து, கவர் பிளாக் வாங்கி வரச் செய்து, வைத்த பிறகே கான்கிரீட் போடச் சொன்னேன். மாலைக்குள் எல்லாம் மூடப்பட்டுவிட்டது. அன்று நான் அலுவலகம் போயிருந்தால், கூரை பெயரத் தொடங்கும் வரை இந்தக் குறை யாருக்கும் தெரிந்திருக்காது.

அக்கா வீட்டில் அந்தக் காலை நேரம் வேறொருவருடையதாக இருந்தது. அவர்கள் பார்த்தபோது வீடு பளபளவென்று இருந்தது. குடிபோன முதல் மழைக்காலத்தில் குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் ஈரம் ஏறியது. தரையில் நாணயத்தால் தட்டிப் பார்த்தால் கூடத்தில் பாதி டைல்ஸ் ‘டொக்கு டொக்கு’ என்று வெற்றுச் சத்தம் போட்டது. அடியில் கலவை நிரம்பவில்லை என்று அர்த்தம். பில்டர் இரண்டு முறை ஆள் அனுப்பிப் பட்டி பார்த்து வர்ணம் அடித்துக் கொடுத்தார். மூன்றாவது முறை தொலைபேசியை எடுக்கவில்லை.

இங்கே சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் தவறான தெம்பில் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ‘ரெரா’, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை வெளிப்பட்டால் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் கட்டப்படும் திட்டங்களுக்கு அந்தச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, ஏறக்குறைய 446 சதுர மீட்டர். புறநகரில் இரண்டு கிரவுண்டைப் பிரித்து மூன்று நான்கு வீடுகள் கட்டி விற்கும் சிறு பில்டர்கள் இந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறார்கள். அத்தகைய வீட்டை வாங்குகிறவர், எந்தக் குறைக்கு எத்தனை ஆண்டு பொறுப்பு என்பதைக் கிரயத்துக்கு முன்பே தனி ஒப்பந்தமாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அக்கா வாங்கவில்லை, கேட்கலாம் என்பதே அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பணக் கணக்கில் ரெடிமேட் வீடு ஒரே எண்ணாகத் தெரிகிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எடுத்துக்காட்டாக மனை 40 லட்சம், கட்டடம் 45 லட்சம் என்று வைத்துக்கொண்டால், வீட்டோடு பதியும்போது 85 லட்சத்துக்கு 7.65 லட்சம் போகும். மனையை மட்டும் பதிந்தால் 3.60 லட்சத்தோடு முடியும். கட்டி முடித்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி கிடையாது, கட்டிக்கொண்டிருக்கும்போதே ஒப்பந்தம் போட்டால் 5 சதவீதம், மலிவு விலை வீட்டு வரம்புக்குள் வந்தால் 1 சதவீதம். நாமே கட்டும்போது, தனி வீட்டுக்கான வெறும் லேபர் கான்ட்ராக்டுக்கு வரிவிலக்கு உண்டு. பொருளோடு சேர்த்து ஒப்படைத்தால், பதிவு பெற்ற கான்ட்ராக்டர் 18 சதவீதம் போடுவார்.

இதைப் படித்துவிட்டு நாமே கட்டுவதுதான் லாபம் என்று முடிவு செய்ய வேண்டாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்டர் சொல்லும் விலையில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், போர், மின் இணைப்பு, முன்புற கேட் ஆகியவை பெரும்பாலும் அடங்காது. நான் போட்ட பட்ஜெட்டைத் தாண்டியது இவற்றால் மட்டுமே. அதோடு கட்டி முடியும் வரை வாடகையும் வங்கி வட்டியும் சேர்ந்தே ஓடும். பேஸ்மென்ட் (வீட்டுத் தரை வரையிலான அடிமேடை), லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), தளம், பூச்சு என்று நிலை பார்த்துத்தான் வங்கி பணம் விடுவிக்கும். அடுத்த தவணை வரும் வரை கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைக் கூலியைக் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். பழைய வருமானவரி முறையில் இருப்பவர்கள், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் வீட்டை முடிக்கவில்லையென்றால், வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் கழிவு 30,000 ரூபாயாகச் சுருங்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அனுமதி வாங்குவது முன்புபோல் அலைச்சல் இல்லை. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு இணையவழியிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. இந்த ஒரு காரணத்துக்கு அஞ்சி ரெடிமேட் பக்கம் போவதற்கு இனி அவசியமில்லை.

பேஸ்மென்ட் உயரம் ஒன்றை மட்டும் இரண்டு தரப்பினரும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் எப்படி மூழ்கின என்பதைப் பார்த்தவர்கள், சாலையிலிருந்து வீட்டுத் தரை எத்தனை அடி உயரம் என்பதைத்தான் முதலில் கேட்பார்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே போனால், இன்று இரண்டடி மேலே இருக்கும் வாசல் பத்து ஆண்டுகளில் சாலை மட்டத்துக்கு வந்துவிடும். நாமே கட்டினால் இன்னும் ஓர் அடி ஏற்றிக்கொள்ளலாம். வாங்கும் வீட்டில் இதை எளிதில் மாற்ற முடியாது, ஆகவே இது ஒன்றுக்காகவே ஒரு வீட்டை வேண்டாமென்று சொல்லலாம்.

என் தீர்ப்பு இதுதான்: வீட்டில் ஒருவர், ஓய்வுபெற்ற அப்பாவோ, இரவுப் பணி பார்க்கும் தம்பியோ, எட்டு ஒன்பது மாதம் தினமும் காலையில் மனைக்குப் போய் நிற்க முடியும் என்றால் நாமே கட்டுவது நல்லது. அந்த ஆள் இல்லாமல், வெளியூரிலிருந்து வாட்ஸ்அப் படங்களை நம்பிக் கட்டுவது, ரெடிமேட் வீட்டின் குறையையும் கட்டும் வீட்டின் செலவையும் ஒருசேர ஏற்பதாகும். சாதாரண சிமென்ட் என்றால் 7 நாள், பி.பி.சி. எனும் சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாள், குறைந்தது இவ்வளவு நாளாவது கான்கிரீட் காயாமல் தண்ணீர் கட்ட வேண்டும். அதைப் படத்தில் பார்க்க முடியாது. கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நிற்க ஆள் இல்லாத குடும்பம் கட்டிய வீட்டை வாங்குவதில் தவறே இல்லை. அக்கா இப்போது மகளுக்காக மறைமலைநகர்ப் பக்கம் அப்படித்தான் தேடுகிறார். ஆனால் இம்முறை விற்பனைக்கு இருக்கும் வீட்டைப் பார்த்ததோடு நிற்பதில்லை. அதே பில்டர் வேறெங்கே கட்டிக்கொண்டிருக்கிறார் என்று விசாரித்து, தளம் போடுவதற்கு முந்தின நாள் சொல்லாமல் அங்கே போகிறார். சென்ற வாரம் ஓர் இடத்தில், ஏணியில் ஏறிக் குனிந்து, கம்பிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசியில் சொன்னார்: “தம்பி, இவர் கவர் பிளாக் வெச்சிருக்கார்டா. பத்திரத்தை வக்கீல்கிட்ட காட்டலாம்.”