லோடிங் காயில் ரியாக்டன்ஸ்: எல்-சி கணக்கா, டிரான்ஸ்மிஷன் லைன் கணக்கா?

ஹாம் ரேடியோக்காரர்களுக்கு ஓசூர், கிருஷ்ணகிரி மாடிகளில் 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் நீளம் கிடைப்பது அரிது. குட்டை வெர்டிகலும் (செங்குத்து ஆன்டெனா), அதன் நீளக் குறையை ஈடுகட்டும் லோடிங் காயிலும்தான் வழி. போர்வெல் சாமான் கடையில் 50 மி.மீ. பிவிசி பைப், மோட்டார் காயில் கட்டும் கடையில் 19 கேஜ் எனாமல் கம்பி எட்டரை மீட்டர். 10 செ.மீ. நீளத்தில் 50 சுற்று சுற்றினால் வீலர் சூத்திரப்படி இண்டக்டன்ஸ் 52 மைக்ரோஹென்றி.

7.1 மெகாஹெர்ட்ஸில் இதன் ரியாக்டன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) எவ்வளவு? வெறும் இண்டக்டன்ஸை வைத்தால் 2,320 ஓம். மெட்ஹர்ஸ்ட் கணக்குப்படி காயிலின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸான 2.5 பிகோஃபாரட்டைப் பக்க இணைப்பாகச் சேர்த்தால் (இதுதான் எல்-சி கணக்கு) செல்ஃப் ரெசனன்ஸ், அதாவது காயில் தானாகவே ஒத்ததிரும் அலைவரிசை, 13.8 மெகாஹெர்ட்ஸ், ரியாக்டன்ஸ் 3,160. அதே ரெசனன்ஸை வைத்து, காயிலைக் கால் அலை நீள டிரான்ஸ்மிஷன் லைனாகப் பார்த்தால் 3,010.

முதல் கணக்கைத் தூக்கிப் போடலாம். மற்ற இரண்டுக்கும் இடையில் 5 சதவீதம்தான் வித்தியாசம். விப்பை (காயிலுக்கு மேலுள்ள ஆன்டெனாக் கம்பி) வெட்டும்போதே சரியாகிவிடும். ரெசனன்ஸை நெருங்க நெருங்க எல்-சி கணக்கு 23 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும் என்பது உண்மை. காயிலின் மேல்முனையில் கரண்ட் குறைவதையும் லைன் மாடல்தான் காட்டும். இருந்தும் என் ஓட்டு எல்-சிக்குத்தான்.

காரணம், இரண்டுமே ரெசனன்ஸ் எண்ணை நம்பித்தான் நிற்கின்றன. அதில் 1 சதவீதம் பிசகினால், ரெசனன்ஸில் பாதி அலைவரிசையில் ரியாக்டன்ஸ் 0.7 சதவீதம் நகரும். 90 சதவீதத்தில் வேலை செய்தால் 9 சதவீதம். மேல்முனைக்குப் பக்கத்தில் ஒரு யூ-கிளாம்ப், ஐப்பசி மழையில் சுற்றுகளுக்கு இடையே தேங்கும் தண்ணீர், இவையே அந்த 1 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்த மாடலும் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது.

அதனால் அளந்துவிடுங்கள். விப்பைக் கழற்றி, காயிலை அதன் இடத்திலேயே நிறுத்தி, கீழ்முனையை கிரவுண்டில் இணையுங்கள். நானோவிஎன்ஏவில் (கையடக்க ஆன்டெனா அளவுக் கருவி) ஒற்றைச் சுற்று லூப் மாட்டிக் கீழ்முனை அருகே பிடித்து, திரையில் தெரியும் டிப்பை (பள்ளத்தை) பாருங்கள். லூப்பை விலக்க விலக்க டிப் ஆழம் குறையும். அலைவரிசை நகராமல் நிற்கும் இடத்தில் படிப்பதே சரியான எண். கிரவுண்ட் இணைக்காமல் அளந்தால் வருவது அரை அலை ரெசனன்ஸ். அதை இந்தக் கணக்கில் போட்டால் எல்லாமே தப்பு. இண்டக்டன்ஸைத் தனியாக 1 மெகாஹெர்ட்ஸில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நெக் என்ற ஆன்டெனா கணிப்பு மென்பொருளில் காயிலை ஹெலிக்ஸாகவே (சுருளாகவே) வரைவது மூன்றாவது வழி. இடைவெளி விட்ட காயிலுக்குச் சரி. நெருக்கமாகச் சுற்றியதற்கு, பக்கத்துச் சுற்றால் கூடும் இழப்பை அது கணக்கில் எடுப்பதில்லை.

வேலை அலைவரிசை ரெசனன்ஸில் பாதியை ரொம்பத் தாண்டினால் மாடலை மாற்றாதீர்கள், காயிலை மாற்றுங்கள். 70 சதவீதத்திலேயே க்யூ (இழப்பு எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் எண்) பாதியாகிவிடுகிறது.