கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மொன்றியலா, கியூபெக் நகரமா?

டொராண்டோவிலிருந்து காரில் மொன்றியல் ஆறு மணி நேரம். கியூபெக் நகரம் அதற்கும் அப்பால் 250 கிலோமீட்டர். மூன்றே நாள்தான் விடுப்பு என்றால் மொன்றியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மொன்றியலில் குளிர் தாங்காவிட்டால் ஒதுங்க இடம் இருக்கிறது. மெட்ரோ நிலையங்களையும் கடைகளையும் இணைக்கும் நிலத்தடி நடைபாதைகள் மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல். கோட்-டெ-நெய்ஜ் பக்கம் தமிழ்ச் சாப்பாடும் கிடைக்கும்.

ஆனால் பண்டிகைக் களை என்று பார்த்தால் என் ஓட்டு கியூபெக் நகரத்துக்கே. மதில் சூழ்ந்த பழைய நகரம், பெட்டி ஷாம்ப்ளேன் தெருவில் விளக்குகள் மின்னும் கல்வீடுகள், கூரையெல்லாம் பனி. ஷாட்டோ ஃப்ரோன்டெனாக் ஹோட்டலை ஒட்டிய மேடையில் 1884 முதல் ஒரு பனிச்சறுக்குப் பாதை உண்டு. மரவண்டியை நாமே கயிற்றால் மேலே இழுத்துப் போக வேண்டும். இறங்கும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம்! பிள்ளைகள் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று விடமாட்டார்கள். அது திறப்பது வானிலையைப் பொறுத்தது, கேட்டுவிட்டுப் போங்கள்.

முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு மட்டும் கியூபெக் நகரத்தின் மேல்நகருக்கும் கீழ்நகருக்கும் இடையிலான ஏற்ற இறக்கம் சிரமம். கீழ்நகருக்கு ஃபனிகுலரில், அதாவது செங்குத்துச் சரிவில் கம்பிவடத்தால் ஓடும் பெட்டியில், இறங்கலாம். அப்புறம், 25ஆம் தேதி இரண்டு ஊரிலும் நிறையக் கடைகள் பூட்டியிருக்கும். அன்றைய சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.