டீசலில் ஊற்றும் 11 வெள்ளி பாட்டில்: 34 மாதக் கணக்கு

ஜோகூரில் இருக்கும் என் மச்சான் பிக்கப் ஓட்டுகிறார். அங்கே பம்பிலேயே இரண்டு வகை டீசல் உண்டு. செம்பனை எண்ணெய்க் கலப்பு குறைந்த ‘யூரோ 5 பி7’ என்ற வகைக்கு லிட்டருக்கு 20 சென் கூடுதல். அவர் அதைத்தான் போடுவார். போடாதவர்களைப் பாவம் என்று பார்ப்பார். நான் போகும் சிங்கப்பூர் நிலையங்களில் டீசலுக்கு ஒரே குழாய்தான். அதனால் அவர் பேச்சைக் கேட்டு, டேங்கில் டீசலோடு கலக்க ஊற்றும் சேர்மானப் பாட்டில் வாங்க ஆரம்பித்தேன். ஒன்று 11 சிங்கப்பூர் வெள்ளி, 50 லிட்டருக்குப் போதும். லிட்டருக்கு 22 காசு. டீசலுக்கு அரசாங்கம் போடும் தீர்வையே 20 காசுதான்!

வண்டி 2019-இல் பதிவான, யூரோ 6 புகைத் தரத்தில் வந்த டீசல் வேன். விடியற்காலை 3 மணிக்குப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்கா, ஃபேரர் பார்க், கேலாங் பக்கம் கடை கடையாக இறக்குவேன். மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். முதல் 14 மாதம் வெறும் டீசல், அடுத்த 11 மாதம் பாட்டிலோடு, கடந்த 9 மாதமாக மறுபடி வெறும் டீசல். எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

வெறும் டீசலில் லிட்டருக்கு 10.1 கிலோமீட்டர், பாட்டிலோடு 10.3. மாதம் 3 லிட்டர்கூட மிச்சமில்லை. 33 வெள்ளி கொடுத்து 7 வெள்ளி திரும்ப வாங்குவது என்ன வியாபாரம்? அதிலும் பாட்டில் ஊற்றிய மாதங்களில் டிசம்பர் பள்ளி விடுமுறை வந்தது, சாலை காலியாக இருந்தது. அந்த 0.2 பாட்டிலால் வந்ததா என்பதே சந்தேகம். பாட்டில் ஊற்றினாலும் டீசலில் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட அதேதான். சேர்மானம் அதைக் கூட்டுவதில்லை, இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கும், சீட்டேன் எண்ணைக் கொஞ்சம் உயர்த்தும், அவ்வளவுதான்.

சீட்டேன் உயர்ந்தால் டீசல் சீக்கிரம் பற்றும், குளிர்ந்த இன்ஜின் தடதடப்பது குறையும். 3 மணிக்கு ஸ்டார்ட் செய்யும்போது சத்தம் குறைந்ததாகவே எனக்குத் தோன்றியது. சரி, சோதித்துவிடலாம் என்று தம்பியிடம் சொன்னேன்: ஆறு டேங்குக்கு நீயே ஊற்று, அல்லது ஊற்றாதே, என்னிடம் சொல்லாதே. ஆறில் மூன்றுதான் சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அதே பலன்தான். காசு கொடுத்து வாங்கியதால் காதும் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது போலிருக்கிறது.

பாட்டில் ஊற்றத் தொடங்கிய ஏழாவது மாதத்தில்தான் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி அது. சேர்ந்த கரியை எரிக்க 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். கடைக்குக் கடை நின்று நின்று போகும் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? காக்கி புக்கிட் பட்டறையில் கணினியைச் செருகி எரித்துக் கொடுத்தார்கள், 180 வெள்ளி. பட்டறை அங்கிள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை நிறுத்தி வாரம் ஒருமுறை விரைவுச்சாலையில் விடாமல் ஓட்டு என்றார். சொல்லை உடனே கேட்கவில்லை. கையில் இன்னும் சில பாட்டில் இருந்ததே! இப்போது ஞாயிற்றுக்கிழமை பிஐஇ விரைவுச்சாலையில் துவாஸ் வரை போய்த் திரும்புகிறேன். 9 மாதமாக விளக்கு எரியவில்லை. டீசல் ஃபில்டரையும் தள்ளிப்போடாமல் மாற்றுகிறேன்.

மச்சானைக் குறை சொல்ல மாட்டேன். மலேசியாவில் முன்பு சாதாரண டீசலில் கந்தகம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) வரை இருந்தது, யூரோ 5-இல் 10. அப்போது கூடுதல் காசுக்கு அர்த்தம் இருந்தது. இங்கே 2013 ஜூலையிலிருந்தே எல்லாப் பம்பிலும் 10 பிபிஎம்தான். இருக்கும் அனுகூலத்தையே பாட்டிலில் மறுபடி வாங்கிக்கொண்டிருந்தேன்.

பழைய வண்டி வாங்கி, இன்ஜெக்டர் அழுக்காக இருந்து, ஓடும்போது திணறினால் ஒன்றிரண்டு டேங்குக்கு ஊற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் நான் வாங்க மாட்டேன். என்னிடம் இன்னும் இரண்டு பாட்டில் இருக்கிறது, மச்சான் அடுத்த முறை வரும்போது எடுத்துப் போகட்டும்.