சிப்பிப்பாறைக்கு டிஎன்ஏ டெஸ்ட்: ஒன்பதாயிரம் கொடுத்துப் பார்த்ததில் தெரிந்தது

சென்னிமலைக்குத் தெற்கே எங்கள் தோட்டம். செம்மறி நாற்பது உருப்படி நிற்கிறது. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்கள் ராத்திரியில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிப் போடுவதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடுவதும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வேதனை. அந்தப் பயத்தில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செவலைப் பெட்டை நாய்க்குட்டியை வாங்கினோம். நம்ம ஊர் வேட்டை நாய் இனமான சிப்பிப்பாறை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பெயர் செம்பி. இந்த வைகாசியில் அவளுக்கு இணை சேர்க்கப் பல்லடத்தில் ஒருவரிடம் பேசினேன். "டிஎன்ஏ ரிப்போர்ட் இருக்குதுங்களா? அது இல்லீன்னா வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். சரி, பார்த்துவிடலாம் என்று நாயின் இனம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆனது.

கிட்டில் இரண்டு பஞ்சுக் குச்சி, ஒரு குழாய், ஒரு கவர். கன்னத்தின் உட்புறம் அரை நிமிடம் தேய்த்து எடுக்க வேண்டும். தீனி வைத்த கையோடு எடுக்கக் கூடாது, இன்னொரு நாயோடு ஒரே தட்டில் தின்றிருந்தாலும் கொஞ்ச நேரம் விட வேண்டும், பால்குடி மாறாத குட்டிக்கு எடுத்தால் தாயின் செல்லும் கலந்துவிடும். முதல் தடவை செம்பி கம்பஞ்சோறு தின்ற உடனே எடுத்துவிட்டேன், சாம்பிள் தேறவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மறு கிட் காசு கேட்காமல் அனுப்பினார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்கு வாரம் கழித்து வந்த ரிப்போர்ட்டில் சிப்பிப்பாறை என்ற சொல்லே இல்லை. முக்கால்வாசி 'தெற்காசிய கிராம நாய்', மிச்சத்தில் வெளிநாட்டு ஓட்ட நாய் இனங்களான சலூகி கொஞ்சம், கிரேஹவுண்ட் கொஞ்சம். வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று அப்பா அன்றைக்கே குட்டி கொடுத்தவரைக் கூப்பிடப் போனார். நான்தான் தடுத்தேன், ஏனென்றால் இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று அதற்குள் கொஞ்சம் படித்திருந்தேன்.

நாயின் மரபணுவில் ஆயிரக்கணக்கான, சில நிறுவனங்களில் லட்சத்துக்கும் மேலான, இடங்களைப் பார்த்து, தாங்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் இன நாய்களின் மாதிரிகளோடு கணினி ஒத்துப் பார்க்கிறது. அவ்வளவுதான். அந்தச் சேமிப்பில் சிப்பிப்பாறை இல்லை என்றால் உலகத்திலேயே சுத்தமான சிப்பிப்பாறையைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் 'சிப்பிப்பாறை' என்ற பதில் வர வழியில்லை. கையில் இருப்பதில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதைத்தான் எடுத்து நீட்டும். ஒல்லியான ஓட்ட நாய்க்கு சலூகியும் கிரேஹவுண்டும் காட்டியது அதனால்தான் என்பது என் கணிப்பு. 'கிராம நாய்' என்பதையும் கலப்பு என்று படிக்கக் கூடாது. அது ஐரோப்பிய இனங்கள் கலந்து பிறந்த நாய் இல்லை, இந்த மண்ணில் தானாகவே பெருகி வந்த நாட்டு நாய்க்கூட்டம். நம்முடைய இனங்களெல்லாம் அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் நிற்பதில் என்ன அதிசயம் இருக்கிறது?

சந்தேகம் தீராமல் வேறு நிறுவனத்துக்கும் ஒரு சாம்பிள் அனுப்பினேன். அதில் சதவீதமெல்லாம் வேறு, புதிதாக இரண்டு வெளிநாட்டு இனங்கள் மூன்று, நான்கு சதவீதத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. அந்தச் சின்ன எண்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பாட்டனுக்கு அப்பன் ஒருவனிடமிருந்தே சராசரியாக 12.5 சதவீதம்தான் வருகிறது. அப்படியிருக்க மூன்று சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்த நாயின் வம்சத்தைச் சொல்வது?

எல்லா நிறுவனமும் ஒரே தரமும் இல்லை. 2024-இல் அமெரிக்காவில் பாஸ்டன் தொலைக்காட்சி ஒன்று, செய்தியாளர் ஒருவரின் கன்னத்தில் எடுத்த சாம்பிளை நாய் டெஸ்ட் செய்யும் மூன்று இடங்களுக்கு அனுப்பியது. இரண்டு இடங்களில் சாம்பிளை ஏற்கவில்லை. மூன்றாவது இடம் மலமூட் 40, ஷார்பே 35, லாப்ரடார் 25 சதவீதம் என்று ரிப்போர்ட்டே கொடுத்துவிட்டது. மனுசனுக்கு! இப்படிப்பட்ட காகிதத்தை நம்பித்தான் இங்கே ஒரு பெட்டையை வேண்டாம் என்கிறார்கள். சொல்லும்போதே எனக்கு மனசு கொதிக்கிறது.

டெஸ்ட்டே வீண் என்று சொல்ல வரவில்லை. கோயமுத்தூரில் சித்தப்பா மகன் தன் லாப்ரடாருக்கு இதே கிட்டைத்தான் போட்டான், முழு லாப்ரடார் என்று வந்தது. சேமிப்பில் ஏராளமான மாதிரி உள்ள இனம், அதனால் பதிலும் தெளிவு. அவனுக்கு அதைவிட உபயோகமானது நோய்ப் பக்கம். கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவண்டு விழவைக்கும் ஒரு மரபணுக் குறை லாப்ரடாரில் உண்டு, தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று வரும் இரண்டு பிரதியில் ஒன்றில் மட்டும் அந்தக் குறை அவன் நாயிடம் இருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் நாய்க்குத் தொந்தரவு இல்லை, ஆனால் அதே குறையுள்ள இன்னொரு நாயோடு சேர்த்தால் குட்டிகளுக்கு வரலாம். இந்த மாதிரி நோய்த் தகவலுக்காகவே லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவர்கள் தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

காவல் குணத்தை ரிப்போர்ட்டில் தேடுபவர்களுக்கும் ஒரு விஷயம். 2022-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த பெரிய ஆய்வு, பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டு, நாய்க்கு நாய் குணம் மாறுவதில் சுமார் 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்று கண்டது. செம்பி வந்த பிறகு எங்கள் பட்டியில் ஒரு ஆட்டுக்குட்டிகூடப் போகவில்லை.

கடைசியில் குட்டி கொடுத்தவர் வீட்டுக்கே போய், செம்பியின் தாயையும் செம்பியோடு கூடப் பிறந்த இரண்டு நாய்களையும் நேரில் பார்த்து, போட்டோ எடுத்து பல்லடத்துக்காரருக்கு அனுப்பினேன். கார்த்திகைக்கு மேல் பார்க்கலாமுங்க என்றிருக்கிறார். நாட்டு இனம் வைத்திருப்பவர்கள் கிட்டுக்குக் காசு கட்டும் முன்னால், சிப்பிப்பாறையோ கோம்பையோ உங்கள் பட்டியலில் இருக்கிறதா, எத்தனை நாயின் மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று நிறுவனத்துக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். நான் இரண்டு இடத்துக்கும் போட்டு ஒரு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை.